இருநூற்றைம்பது ஓம்

முப்பத்திரண்டு ஓம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கிட்டாரின் முதல் தந்தியைத் தட்டியதுமே தனசிங்குக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. இதற்குப் பெயர் ஹெட்போனா? வாசிக்காமல் கையை எடுத்தாலும் காதுக்குள் உஸ்ஸென்று இரைச்சல். வாசித்தாலோ கீழ்ச்சுரமெல்லாம் டீயில் ஊறிய பிஸ்கட் போலப் பொதபொதவென்று விழுகிறது. ஊரே இதைத்தான் வாங்குகிறது, செல்போனில் சொருகினாலும் அலறும் என்ற ஒரே தகுதிக்காக. இம்பிடன்ஸ் என்றால் என்னவென்று ஒருத்தனுக்காவது தெரியுமா? பெரிய வித்தை ஒன்றுமில்லை, உள்ளே வரும் மின்சாரத்துக்கு ஹெட்போன் காட்டுகிற முரண்டு, அதை அளக்கிற கணக்குத்தான் ஓம், அவ்வளவுதான். முரண்டு குறைந்தது கொடுத்ததையெல்லாம் விழுங்கும், பெட்டியின் இரைச்சலையும் சேர்த்து. முரண்டு கூடியது லேசில் மசியாது, சத்தத் திருகை நன்றாகத் திருகினால்தான் வாயைத் திறக்கும், ஆனால் திறந்தால் சுத்தமாகப் பேசும். தனசிங்குக்கு முரண்டு பிடிப்பவற்றின் மேல்தான் மரியாதை. மனிதர்களில் அப்படி ஒருவரை அவன் இன்னும் சந்திக்கவில்லை, கண்ணாடியில் தவிர. காலடியில் கிடந்த மாடலரைப் பார்த்தான். சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, உலகத்து ஆம்ப்ளிஃபயர்கள் அத்தனையையும் மிமிக்ரி செய்து காட்டும். அதன் மேலும் அவனுக்கு மதிப்புக் கிடையாது. நிஜ ஆம்ப்ளிஃபயர் வீட்டுப் பரணில் பழைய போர்வைக்குள் கிடக்கிறது. தன் வீட்டு மீன்தொட்டியில் தண்ணீர் அதிர்கிறது என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் கூட்டம் போட்டு அழுத நாளிலிருந்து, இரண்டு வருடமாக, அங்கேதான் கிடக்கிறது. மீனுக்காகப் பரிந்து பேசிய அந்த ஆள் ஞாயிறு தவறாமல் வஞ்சிரம் வாங்குகிறவர்.

எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் ரூபன் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தான். தனசிங்கின் மனைவி பியூலாவுக்குத் தம்பி. அண்ணா சாலையை ஒட்டிய சந்தில், மாடியில் இருந்த இந்தக் கடைக்கு அவன்தான் கூட்டிவந்திருந்தான். பஞ்சுச் சுவர் வைத்த இந்தச் சின்னக் கண்ணாடி அறையை ஒரு மணி நேரத்துக்குச் சொல்லி வைத்தவனும் அவன்தான். ஹெட்போன் என் செலவு அத்தான் என்று சொல்லிவிட்டான். ரூபன் ஒரு மியூசிக் பேண்ட் நடத்துகிறான். பாடுகிறவனும் அவனேதான், அங்கேதான் துயரம் ஆரம்பிக்கிறது. வருகிற சனிக்கிழமை ஈசிஆர் ஹோட்டலில் அவர்களுக்குக் கச்சேரி. லீட் கிட்டார் வாசித்த பையன் பெங்களூருக்கு வேலை மாறிப் போய்விட்டான். "இன்னிக்கு உங்க வாசிப்பக் கேட்டுட்டுச் சொல்லுதேன் அத்தான்," என்று ரூபன் படியேறும்போது சொன்னான். கேட்டுவிட்டுச் சொல்வானாம். இவன் கேட்டு, இவன் சொல்லி. ஆனாலும் அந்த லீட் கிட்டார் இடம் தனசிங்குக்கு வேண்டும். இரண்டு வருடமாக எந்த மேடையிலும் அவன் ஏறவில்லை. சர்ச் குழுவிலிருந்து நின்றது, ஆபீஸ் நண்பர்களின் குழுவிலிருந்து நிறுத்தப்பட்டது, எதற்கும் அவன் விரல் காரணமில்லை. வாய்தான் காரணம். பாடகர் குழுத் தலைவரிடம், நீங்கள் கையை ஆட்டுவது ஈ ஓட்டுவதற்கா என்று ஈஸ்டர் ஆராதனை முடிந்த கையோடு கேட்டான். கீபோர்டு வாசித்த மேனேஜரிடம் கேட்டது அதைவிட மோசம். ஆகவே இன்றைக்கு ஒரு தீர்மானத்தோடு வந்திருந்தான். சரி, நல்லது, அப்படியா, இந்த மூன்று சொல்லுக்கு மேல் வாயைத் திறப்பதில்லை. மனசுக்குள் என்ன வேண்டுமானாலும் ஓடட்டும், மனசுக்கு யார் பூட்டுப் போட முடியும்? வாய் மட்டும் மூடியிருந்தால் போதும், சனிக்கிழமை மேடையில் நிற்கலாம்.

கடைக்காரப் பையன்தான் என்று நினைத்தால் நாற்பது வயதுக்காரர், இம்தியாஸ் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது, இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தார். இரண்டும் முரண்டுக்காரர்கள். ஒன்று மூடிய வகை, இருநூற்றைம்பது ஓம், காதைச் சுற்றி அடைத்துக்கொள்ளும். மற்றது திறந்த வகை, முதுகில் சல்லடை வைத்தது, வெளிச்சத்தம் உள்ளே வரும், உள்சத்தம் வெளியே போகும். "தொறந்தத எடுங்க அத்தான்," என்றான் ரூபன், போனிலிருந்து தலையைத் தூக்கி. "அதுதான் நல்லதாம். நீங்க பேசுனா உங்களுக்கே கேக்கும்." தனசிங் சிரித்து, "அப்படியா," என்றான். நான் ஏன் பேசப்போகிறேன்? கிட்டார் வாசிக்கிறவனுக்கு எதற்குத் தன் குரல்? கதவில்லாத வீட்டைக் கட்டி அதில் குடியிருக்கச் சொல்கிறான். எங்கேயோ ஒரு வீடியோவில் எவனோ சொன்னதைக் கேட்டுக்கொண்டு வந்து ஒப்பிக்கிறான். சல்லடையைப் போட்டால் மின்விசிறி, குக்கர் விசில், கீழ்வீட்டுத் தொடர் நாடகம் எல்லாம் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். அவற்றிலிருந்து தப்பிக்கத்தானே ஹெட்போனே. "மூடினதையும் ஒரு தடவை பார்த்துடறேன் மாப்ளே," என்று மென்மையாகச் சொல்லிவிட்டு, தன் மென்மையைத் தானே மெச்சிக்கொண்டு, இருநூற்றைம்பதை எடுத்து மாட்டினான்.

உலகம் ஒழிந்தது. ஆகா. முதலில் அந்த நிசப்தம்தான் வந்தது, நல்ல மெத்தையில் தலை சாய்த்தது போல. திருகைப் பாதிக்கு மேல் திருகினான், மசியவில்லை, முக்கால், இன்னும் கொஞ்சம், அப்புறம் ஒரே ஒரு தந்தியைத் தட்டினான். அது வந்தது. விரல் நகம் பட்ட இடம், தந்தி திமிறி நிமிர்ந்த இடம், அது அடங்கி அடங்கிப் போய் மறைந்த இடம், ஒவ்வொன்றும் தனித்தனியாக. உஸ் இல்லை, பொதபொத இல்லை. இதைத்தான் சொன்னேன். இதைச் சொன்னால் தலைக்கனம் என்பார்கள். இன்னும் கொஞ்சம் ஏற்றினான், இன்னும் ஏற்றலாம், இதற்குத் தாங்கும், இது மானம் கெட்ட ஜாதி இல்லை. கழுத்தின் பின்பக்கம் குளிர்ந்தது. மாட்டுக்கறிக் கடையில்கூட இவ்வளவு குளிர் வைக்க மாட்டான், விரல் விறைத்தால் எவன் வாசிப்பான், இதுகூடத் தெரியாமல் இசைக்கடை. இப்படி அவன் நினைத்துக்கொண்டிருக்கும்போதே இம்தியாஸ் எழுந்து ஏசியைக் குறைத்தார். பரவாயில்லை, ஆளுக்குக் கொஞ்சம் மூளை இருக்கிறது என்று தனசிங் ஆச்சரியப்பட்டான். ஆச்சரியம் அதிக நேரம் நிற்கவில்லை. விற்கிறவனுக்கு முகக்குறி பார்ப்பதுதானே பிழைப்பு. விரல் தானாக ஓட ஆரம்பித்தது. வீட்டிலும் இப்படித்தான், சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து குளித்து, மூடிய வகைப் பழைய ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் விரல் ஒருபக்கம் ஓடும், மனசு ஒருபக்கம் ஓடும். பியூலா மட்டும் அந்த நேரம் பார்த்துத் துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். தினமும். இரண்டு பேர் இருக்கிற வீட்டில் தினமும் காயப்போட என்ன துணி? வெளியே அவளுக்குக் கேட்பது வெறும் தந்திச் சத்தம்தான், டிக் டிக்கென்று, அதைக்கூடத் தாங்காத காது. ஆரம்பத்தில் ஒருநாள் வந்து எதிரே நின்று வாயை அசைத்தாள். ஒரு காதை மட்டும் விலக்கினான். "யார்கிட்ட பேசிட்டிருக்கீங்க?" என்றாள். யார்கிட்டயுமில்ல, பாட்டு மனசுக்குள்ள ஓடிட்டிருக்கு என்றான். அவள் கொஞ்ச நேரம் அவனையே பார்த்துவிட்டுப் போனாள். தந்திச் சத்தத்துக்கும் பேச்சுக்கும் வித்தியாசம் தெரியாத ஜென்மம். கீழ்வீட்டுக்காரர் படியில் பார்த்தால் இப்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், அந்த ஆளும் மீன்தொட்டிக் கட்சியில் சேர்ந்துவிட்டார் போல. இவர்களுக்கெல்லாம் நடுவில்தான் நான் வாசிக்க வேண்டியிருக்கிறது. ஒரு டீ கிடைத்தால் தேவலை. சர்க்கரை போட்டுக் கஷாயமாக்கிக் கொடுக்காமல், சர்க்கரை இல்லாமல் ஒரு நல்ல டீ.

டீ வந்தது. சர்க்கரை இல்லாமல். தனசிங் குடித்துப் பார்த்துவிட்டு, ரூபன்தான் சொல்லியிருப்பான் என்று முடிவு செய்தான். அத்தானைக் குளிர்விக்கிறானாம். ரூபன் எழுந்து வந்து தன் போனை ஒரு ஒயரால் மாடலரில் இணைத்தான். போன வாரத்து ஒத்திகை, பேண்ட் முழுதும் பதிவாகியிருக்கிறது, இதோடு சேர்ந்து வாசியுங்கள் என்று சைகை காட்டினான். தனசிங் சரி என்று தலையாட்டினான். வாயைத் திறக்கவில்லை, அதை அவன் கவனித்துக்கொண்டான். டிரம்ஸ் ஆரம்பித்தது. ஐயோ, யார் இவன், தகரக் கொட்டகையில் தேங்காய் உருட்டுகிறானா, ஒவ்வொரு நாலாவது அடியிலும் ஓடிப்போய்ப் பஸ் பிடிக்கிறான். பேஸ் கிட்டார்க்காரன் தூங்கி எழுந்து வந்து ஒரு சுரம் வைத்துவிட்டு மறுபடி தூங்கப் போய்விடுகிறான். ரூபனின் குரல் நுழைந்தது. தனசிங் திருகை இன்னும் கொஞ்சம் ஏற்றி, தன் கிட்டாரை அதன் மேல் ஏற்றி மூடப் பார்த்தான். இந்த ஹெட்போனில் எதையும் மூட முடியாது, அதுதான் இதன் குணம். மேலே போகிற இடத்திலெல்லாம் அரைக்கால் சுருதி இறங்கி, இறங்கியது தெரியாமல் அங்கேயே சொகுசாக உட்கார்ந்துகொண்டு, அதற்குப் பெயர் பாவமாம். இவன் பாட்டைக் கேட்டுப் பியூலா கண் கலங்குவாள். என் தம்பி குரல்ல ஒரு இது இருக்கு என்பாள். என்ன இது? ஒரு இதுவும் இல்லை. அக்காளுக்கும் தம்பிக்கும் சேர்த்து ஒரே காது, அதிலும் அடைப்பு. அவளைக் கட்டிக்கொள்ளாமல் இருந்திருந்தால் அந்த வருஷமே பம்பாய்க்குப் போயிருப்பேன், ஸ்டூடியோவில் வாசிக்க ஆள் கூப்பிட்டான், பெட்டி கட்டி வைத்திருந்தேன், நிச்சயம் பண்ணிவிட்டோம் என்று அம்மா அழுதாள், நின்றேன், நின்றதற்கு எனக்குக் கிடைத்தது மொட்டை மாடிக்குத் துணி தூக்கிக்கொண்டு போகிற ஒருத்தி. இந்த எண்ணம் வந்தால் போகாது. பல்லிடுக்கில் மாட்டிய நார் போல நாக்கு அங்கேயே போய்ப் போய் நெருடும். தினம் ஒருதடவையாவது பம்பாய் வரும், அவளும் கூடவே வருவாள், பிறகு லீட் வாசிக்கிற இடம் வந்துவிடும், மனசு வழிவிட்டு நிற்கும். வந்துவிட்டது. வாசித்தான். கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். இந்த ஓட்டை பேண்டின் நடுவில், யாரும் எதிர்பார்க்காத ஒரு பக்கத்திலிருந்து அது எழுந்து, தந்தியை வளைத்து வளைத்துச் சரியான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தி, ஒரு மூச்சு விட்டு, இறங்கியது. பாவம் என்றால் இது. இதைத் தூக்கிக்கொண்டு எத்தனை நாள் ஒரு பெட்டிக்குள் வாசித்துக்கொண்டிருப்பது, யாருக்கும் கேட்காமல்? அந்தப் பயம் அப்போது வந்தது. இவனும் வேண்டாம் என்றுவிட்டால் அப்புறம் யாருமில்லை. இந்தக் கழுதைகள் போதும் எனக்கு, இவர்கள் எவ்வளவு மட்டமாக இருந்தாலும் போதும், என்னைச் சேர்த்துக்கொள் மாப்ளே, உன் காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன், மேடையில் ஒரு ஓரமாக நிற்கிறேன். பாட்டு முடிந்தது. கண்ணைத் திறந்தபோது கண்ணில் ஈரமிருந்தது. வாயைத் திறக்காமல் முழுப் பாட்டையும் தாண்டிவிட்டோம் என்ற திருப்தியும் இருந்தது. எதிரே நாற்காலி காலியாக இருந்தது.

ஹெட்போனைக் கழற்றினான். ஏசியின் முனகல் கேட்டது. "எங்க அவன்?" என்றான். "பில் போடப் போயிருக்கார்," என்றார் இம்தியாஸ், அவனைப் பார்க்காமல் ஒயரைச் சுற்றியபடி. "இதையே போட்டுடச் சொல்லுங்க, இந்த மூடினதை," என்றான் தனசிங். இம்தியாஸ் சுற்றுவதை நிறுத்தினார். "மூடினது போட்டா எல்லாருமே கொஞ்சம் சத்தமாத்தான் பேசுவாங்க சார். தன் குரல் தனக்குக் கேக்காதுல்ல. ஆனா நீங்க..." தனசிங் சிரித்தான். "நான் எங்கங்க பேசினேன்? வாயே திறக்கலியே." அவர் அவனை நிமிர்ந்து பார்த்தார். கேலி செய்கிறானோ என்று பார்த்தது போலிருந்தது. "ஏசி மாட்டுக்கறிக் கடை மாதிரி இருக்குன்னு சொன்னீங்க, குறைச்சேன். சர்க்கரை இல்லாம டீ கேட்டீங்க, கொண்டாந்தேன். எனக்குக் கொஞ்சம் மூளை இருக்குன்னுகூடச் சொன்னீங்களே சார்." தனசிங்கின் கை ஆறிப்போன டீ கிளாஸின் மேல் இருந்தது. அதை எடுக்கவும் இல்லை, விடவும் இல்லை. "பாட்டு ஓடும்போதும்?" என்று கேட்டான். "அப்ப இன்னும் சத்தமா," என்றார் இம்தியாஸ். "திருகை ஏத்திட்டீங்க இல்ல."

ரூபன் ஒரு பெட்டியோடு உள்ளே வந்தான். திறந்த வகையின் பெட்டி. கிட்டார் உறைக்குப் பக்கத்தில் அதை வைத்துவிட்டு நின்றான். முகத்தில் கோபம் இல்லை, அதுதான் தனசிங்குக்குப் பொறுக்கவில்லை. "அக்கா சொல்லும், நான் நம்பல," என்றான். "தொறந்ததா வாங்கிக் குடுடான்னு அதுதான் சொல்லிச்சு. வாசிப்பு அருமை அத்தான். நெஜமாவே." தனசிங் எதையோ சொல்ல வாயெடுத்தான். தேங்காய் உருட்டியது, பஸ் பிடித்தது, அரைக்கால் சுருதி, எதற்கு முதலில் மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. "சனிக்கிழமைக்கு வேற ஆளப் பாத்துக்கிடுதேன்," என்றான் ரூபன். "நீ பாடறதப் பத்தி நான்..." "நான் எறங்குறது எனக்கே தெரியும் அத்தான். டிரம்ஸுக்காரனும் ஓடத்தான் செய்யுதான். அதுக்கெல்லாம் யாரு கோவப்படுவா?" "பின்ன?" ரூபன் கிட்டார் உறையின் ஜிப்பை இழுத்து மூடிக் கொடுத்தான். "அக்கா அன்னிக்கு போன்ல பம்பாய்னு சொல்லிட்டு அழுதுச்சு," என்றான். "எதுக்கு அழுதுச்சுன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அதக் கேட்டுட்டு உங்க பக்கத்துல நின்னு பாட எனக்கு முடியாது." அவன் படியிறங்கிப் போகும் சத்தம் நன்றாகக் கேட்டது.

ஆட்டோவில் கிட்டாரை மடியிலும் மாடலரைக் காலடியிலும் வைத்துக்கொண்டு தனசிங் உட்கார்ந்திருந்தான். இரண்டு வருடம். தினமும். முதல் நாள் வந்து கேட்டாளே, யார்கிட்ட பேசிட்டிருக்கீங்க என்று. கேட்டுவிட்டுப் பார்த்தாளே ஒரு பார்வை. அவள் சமையல், அவள் அம்மா, அவள் பல் துலக்கும் சத்தம், எதை விட்டிருப்பேன், எதையும் விட்டிருக்க மாட்டேன், மனசுதானே என்று எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றித்தானே எழுந்திருப்பேன். அப்புறம் இரவு தோசை வைப்பாள். இரண்டாவது வேண்டுமா என்பாள். கீழ்வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பியது மீனுக்காக இல்லை. போன் அடித்தது, பியூலா. எடுத்துக் காதில் வைத்தான். "வாங்கியாச்சா?" என்றாள். ஆமா என்றான். ஹெட்போனில் எது மேல் எது கீழ் என்றுகூடத் தெரியாதவள் என்று அவன் தினமும் திட்டிய பியூலா, கொஞ்சம் தயங்கிவிட்டு, "மூடுனதா, தொறந்ததா?" என்று கேட்டாள். "தொறந்தது." "சரி," என்றாள். "அப்ப இனிமே நான் மாடிக்குப் போவ வேண்டாம்." வைத்துவிட்டாள். ஆட்டோ சிக்னலில் நின்றது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், இரண்டு வருடத்தில் ஒரு வார்த்தை, நேராக வந்து உலுக்கி, கழற்றி எறிந்து சொல்லியிருக்கலாம், அதற்குக்கூடத் துப்பில்லாதவள், துணி வாளியைத் தூக்கிக்கொண்டு போகத்தான் தெரியும், அழுத்தக்காரி.

"என்ன சார்?" என்று ஆட்டோக்காரர் திரும்பினார். "என்னையா சொன்னீங்க?"

தனசிங் விரலைத் தூக்கி உதட்டின் மேல் வைத்துப் பார்த்தான். உதடு அசைந்துகொண்டிருந்தது.